நெருப்பில் நிற்கும் நுனி

அனலை அறிந்து, அளவை அறிந்து, ஆலையை ஆளும் அவைத்தலைவர் அவர்களே! உழைத்து உழைத்து இந்த உலைகளை உயர்த்திய பெரியோர்களே! பொழுது புலருமுன் எங்களைப் பணிக்கு அனுப்பிவிட்டுப் பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே! வாசலிலேயே நின்று கேட்கும் அடுத்த ஷிப்டுத் தோழர்களே! கருவிப் பிரிவு மெக்கானிக்காகிய என் வணக்கம்.

தகதகவென்று தகிக்கும் உலைக்குள் கைவிட்டுப் பார்க்க யாரால் முடியும்? கண்ணாடித் தெர்மாமீட்டரை நீட்டினால் என்ன மிஞ்சும்? அங்கே போய் நிற்பது நம் தெர்மோகப்பிள்! பீங்கான் உறைக்குள் இரண்டு கம்பிகள். வேறு வேறு உலோகம். நுனியில் மட்டும் பற்றவைத்து ஒன்றாக்கியவை. நுனி சுட, மறுமுனை ஆறியிருக்க, அந்த வேறுபாட்டில் துளியளவு மின்னழுத்தம் பிறக்கிறது. அதைத்தான் மீட்டர் டிகிரியாக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால்? ஒன்றும் பிறக்காது!

என்ன அங்கே சிரிப்பு? ஆமாம், உலை மேஸ்திரியும் நானும் கணவன் மனைவிதான். உலோகம் வேறுதான்!

சென்ற ஆண்டு, உறுதியேற்றுவதற்காக உலைக்குள் பேருந்துச் சக்கர அச்சுகள். எரிவாயு ஏறுகிறது, மீட்டர் ஏறவில்லை. "சூடு பத்தல, இன்னும் கூட்டு" என்றார் மேஸ்திரி. "கூட்டாதீங்க! எரிவாயு ஏறியும் மீட்டர் ஏறலைன்னா கோளாறு கருவியிலதான். அச்சு வீணாப் போயிடும்" என்றேன் நான். கூடுதலாகச் சுட்ட இரும்பு பார்வைக்கு மினுங்கும். பாரம் ஏறினால் நடுச்சாலையில் முறியும். அந்தப் பேருந்தில் அமர்ந்திருப்பது யார்? நம் பிள்ளைகள் அல்லவா?

ஏணியில் ஏறிப் பார்த்தேன். தெர்மோகப்பிள் ஒரு சாண் வெளியே வந்திருந்தது. நுனி நெருப்பில் இல்லை. செங்கல் சுவருக்குள் இருந்தது.

"யாரு இழுத்தது?"

மேஸ்திரி எல்லோர் முன்னும் வந்து நின்றார். "நான்தான். போன தடவை இது கருகினப்ப, புதுசு மாட்டப் போய் நீ கையச் சுட்டுக்கிட்ட. கொஞ்சம் தள்ளி இருந்தாலும் சூட்டைக் காட்டும், இதுவும் பிழைக்கும், நீயும் ஏற வேண்டாம்னு நெனச்சேன்."

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. "என்மேல அக்கறைன்னா அதை நெருப்புல நிக்க விடுங்க" என்றேன். அவரே ஏறினார். தன் கையாலேயே மெல்ல மெல்ல உள்ளே செலுத்தினார். எண் ஏறியது, ஏறியது, அச்சு தாங்கும் எல்லையைத் தொடுமுன் நின்றது! பிறகு நடந்த சோதனையில் ஓர் அச்சும் தோற்கவில்லை.

தோழர்களே! மீட்டர் பொய் சொன்னதா? இல்லை! நுனி சுவருக்குள் இருந்தது, சுவரின் சூட்டைச் சொன்னது. நெருப்புக்குள் போனது, நெருப்பின் சூட்டைச் சொன்னது. அந்த நெருப்பருகே நாள்தோறும் நிற்கும் கூட்டம் இது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்!

தாய்மார்களே, உங்களை இங்கே அழைத்துவந்து வாசலில் நிற்கிறதே புதுப் பேருந்து, அதைத் தாங்குவது அன்று வெந்த அச்சுதான். திரும்பும்போது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. தழும்பேறிய கைகளுக்கெல்லாம் என் வணக்கம்!