துரைசாணிக்குப் போன கொடி

ஆம்பூரில் ரயில் ஏறியதிலிருந்து அந்தப் பெண்ணின் கோபம் அடங்கவில்லை. பக்கத்தில் அவள் புருஷன், தோல் பதனிடும் ஷாப்பு நடத்தும் துரை வீட்டுச் சமையல்காரன், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் தங்கச்சி புள்ளையோட பாலைத் தூக்கி உன் துரைசாணிக்குக் குடுத்துட்டியேய்யா!”

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“மெதுவா பேசும்மே. செடியைத்தானே குடுத்தேன்?”

“இன்னா செடி? பிரசவத்துக்குன்னு நான் வேலியோரம் வளர்த்த தண்ணீர்விட்டான் கொடி! அந்தக் கிழங்கைப் பால்ல காய்ச்சிக் குடிச்சாதான் அவளுக்குப் பால் சொரக்கும். வேரோட பேத்துப் பங்களாவுல நட்டுட்டு வந்திருக்கியே!”

“துரைசாணி ஆசைப்பட்டுக் கேட்டாங்க. சீமையிலயும் இதே ஜாதியில ஒண்ணு இருக்குதாம். தளிரை வேகவெச்சு வெண்ணெய் போட்டுத் துன்றாங்க. உடம்புக்கு ரொம்ப நல்லதாம்.”

“யார் உடம்புக்கு?”

அவன் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்தான். “சும்மா குடுக்கல. பதிலுக்கு அந்தச் சீமைச் செடியோட தண்டை டின்ல அடைச்சதைக் குடுத்தாங்க.”

அவள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் மடியிலேயே வைத்தாள்.

“காட்பாடியில எறங்கி இதை நீயே என் தங்கச்சிகிட்ட குடு. புள்ள அழுதா நீயே பதில் சொல்லு. நான் அடுத்த வண்டியில திரும்பிப் போய், பங்களாவுல தோண்டி எடுத்துட்டு வர்றேன்.”