பெர்ன்ஸ்பி என்று கூப்பிட

கிராம்பு மூட்டை ஒன்று பஸ்ஸில் ஏறியது. அந்த வாசத்தில் விட்டுப்போன முகங்களெல்லாம் எனக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தன. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பஸ் அது. என் முன் ஆசனத்தில் ஓர் அண்ணனும், பிள்ளைத்தாய்ச்சியான அவன் தங்கையும்.

“இங்கிலாந்துலயே நம்ம பெர்ன்ஸ்பிங்கிற குடும்பப் பேரு உள்ளவங்க விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மிச்சமாம் தங்கச்சி. போன்ல பார்த்தேன்.”

“அந்தப் பேர நமக்கு விட்டுட்டு, பூட்டனப் பெத்த வெள்ளக்காரத் துரை புள்ள பொறந்ததுமே கப்பலேறிட்டாரு. இப்ப என்னண்ணே அதுக்கு?”

“இங்கிலீசுல ‘பெர்ன்’னா பெரணியாம். பெரணி மண்டிக் கிடந்த ஊராம். அதான் அந்தப் பேரு. நம்ம தோட்டத்து லயத்து வீட்டுக்கிட்ட, தண்ணி ஓடுற கானு ஓரமா மொளைக்குமே, அதே செடி.”

“கரிக்கட்ட நெறத்துல இருந்துகிட்டு ஒனக்குத் துரை பேரு கேக்குதா!”

அவன் சிரித்தான். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னான்.

“அப்பாவ தோட்டமே அப்படித்தான் கூப்பிடும். அவரு போனப்புறம் அந்தப் பேர யாரும் சத்தமா சொல்லி நான் கேக்கல. நானோ கல்யாணம் கட்டல. ஒன் புள்ளைக்கு மச்சான் பேருதான் முதலெழுத்தா வரும்.”

பலாபத்வல நிறுத்தத்தில் இறங்கத் தங்கை எழுந்தாள்.

“முதலெழுத்து அவரோடதே இருக்கட்டும். கூப்பிடுற பேரா பெர்ன்ஸ்பின்னு வைக்கிறேன்.”

அவள் இறங்கியதும் அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“பொண்ணா பொறந்தா?”

“பொண்ணுன்னாலும் அதேதான். நீ வந்து வாய் நெறையக் கூப்பிடுண்ணே!”