லேப்காரர் முகம்

– அப்ப ஏண்டி தலையாட்டின? லேப்காரர் வீடு தேடி வந்து பொண்ணு கேட்டாரே, அன்னிக்கே வேணாம்னு சொல்றதுக்கென்ன?

– அன்னிக்குப் பிடிச்சிருந்துச்சுக்கா, சத்தியமா. காமாலையில சுருண்டு கிடந்தேனா, ரத்தம் எடுக்க அவர் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தா போதும், அந்த உருண்டை முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். ஊசி குத்தினதே தெரியாது.

– காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு கேட்டிருக்கேன். கண்டதெல்லாம் அழகுன்னு இப்பத்தான் கேக்கறேன். சரி, இப்ப என்ன ஆச்சு?

– உடம்பு தேறிடுச்சு. வேலைக்குப் போறேன், பசிக்குது, இப்பல்லாம் உனக்கு வாங்கற மாதிரி மூச்சு வாங்காம மாடி ஏறுறேன். நேத்து அவரைப் பாக்கப் போனேன். எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறார். சத்தியமா சொல்றேன், டீயில ஊறின பன்னு மாதிரி இருக்கு மூஞ்சி.

– வாயைக் கழுவுடி. அதுக்குள்ள மனுஷனுக்கு முகம் மாறிடுமா?

– அவர் மாறலக்கா. அதான் பயமா இருக்கு. இப்பல்லாம் பஸ்ல கம்பியைப் பிடிச்சு நிக்கிற, தாடை இறுகின ஆளுங்க பக்கம்தான் கண்ணு போகுது. படுத்திருந்தப்ப அந்த மாதிரி ஆளு ரூமுக்குள்ள வந்தாலே கண்ணை மூடிக்குவேன், எந்திரின்னு சொல்லிடுவானோன்னு.

– வெள்ளத்துல பிடிச்ச கட்டையைக் கரையேறினதும் எட்டி உதைக்கிற.

– கட்டையைத் தூக்கிட்டு வந்து குடும்பமா நடத்துவாங்க?

– சிரிக்காத. அந்த மனுஷன் உனக்காக வாடகைக்கு வீடு பாத்துட்டாரு.

– தெரியும். அதான் நேத்தே சொல்லிட்டேன்.

– என்னன்னு?

– உள்ளதை. கோவப்படல. ‘உடம்பு தேறினா இப்படித்தான் ஆகும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஆனா தேறணும்னுதான் வேண்டிக்கிட்டேன்’னார்... அய்யோ அக்கா, இஸ்திரிப் பெட்டியை எடு, யார் வீட்டுச் சட்டையோ பொசுங்குது.

– எடுத்துட்டேன். வீட்டுக்குப் போனா அவருக்குப் பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?

– யாருமில்ல. தனிக்கட்டை. உனக்கென்ன திடீர்னு அவ்வளவு கரிசனம்? ‘அந்த மூஞ்சில என்னத்தடி கண்ட’ன்னு என் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சவதானே நீ?

– அப்ப எனக்கு உடம்பு நல்லா இருந்துச்சுடி.