மெழுகு வச்ச டப்பா

— டப்பாவைக் கீழ வை சரளா. அந்த மெழுகுல நகம்கூடப் படக் கூடாது.

— பாக்கத்தாங்க எடுத்தேன். பிஸ்கட் டப்பாவுக்கு இம்மாம் மெழுகா? ஒண்ணு கேக்கட்டா?

— வேணாம்னா விடவா போற?

— உள்ள இன்னா இருக்கு?

— மூணு சீட்டு. நான், ஓஸ்வால்ட், கிருஷ்ணப்பா, வைத்தீஸ்வரன், நாலு பேரும் ஒரே ஃபேக்டரி, பெங்களூர்ல இந்த அடுகோடியில வீடு கட்ட வாங்கின நாலு சைட்டும் பக்கத்துப் பக்கத்துல. தனித்தனியாக் கட்ட யாருக்கும் வக்கில்ல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து ஒருத்தர் வீட்டை முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போலாம்னு பேச்சு. யாரு வீடு முதல்லன்னு சண்டை வரக் கூடாதுல்ல? அவங்கவங்க பேரை எழுதிச் சுருட்டி இதுல போடறதுன்னு முடிவாச்சு. ஓஸ்வால்ட் பொண்டாட்டி மௌரீன் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்துச்சு.

— உங்க பேரு வந்துச்சு.

— என் பேரு வந்துச்சு. மீதியை உள்ளயே விட்டு மெழுகு வச்சுட்டோம். இங்க ஓடு போட்டப்புறம்தான் தொறக்கணும்.

— ஓடு போட்டாச்சு. நானும் கோலார்லருந்து வந்து பத்து நாளாச்சு.

— அதான் இன்னிக்குத் தொறக்கறோம். சர்ச்சுல பூசை முடிஞ்சதும் ஓஸ்வால்ட் வருவான். பின்னாலயே கிருஷ்ணப்பாவும் வைத்தீஸ்வரனும் வருவாங்க. அதுவரைக்கும் தொடாத. ரூலுன்னா ரூலு.

— ரூலாம் ரூலு. கதவுத் தாழ்ப்பாளை எந்த ரூலுல அவ்ளோ ஒசரத்துல வச்சீங்க? ஒவ்வொரு வாட்டியும் முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கு.

— அது வைத்தீஸ்வரன் வேலை. ஸ்டோர்ஸ்ல பேனா புடிக்கற ஆளு. நெட்டைக் கொக்கு, அவன் ஒசரத்துக்கு வச்சுட்டான். கை ரெண்டும் கொப்புளமாக் கிடந்துச்சு, அதுக்கு மேல கழட்டி மாத்துடான்னு சொல்ல எனக்கு மனசு வரல.

— கடக்கால் கல்லு?

— கிருஷ்ணப்பா. ஒத்தையாளாப் பொரட்டிப் போட்டான். அவன் தம்பிங்க மண்ணு மிதிச்சாங்க. கதவு, ஜன்னல் எல்லாம் ஓஸ்வால்ட். நிலை மேல பாரு, 1956னு செதுக்கியிருக்கான்.

— பாத்தேன். ஒண்ணு கேக்கட்டா? ஓஸ்வால்ட் அண்ணனை வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாராமே? மௌரீன் அக்கா நேத்து தண்ணி புடிக்கறப்ப அழுதுச்சு.

— ஈஸ்டர் வரைக்கும்தான் டயம். இன்னும் ஒம்பது மாசம். இன்னிக்கு அவன் பேரு வந்தா, சாயங்காலமும் வேலை பாத்து அதுக்குள்ள கட்டிரலாம்.

— வரலேன்னா?

— மூணு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போகணும்.

— அய்யோ! மத்த ரெண்டு பேருகிட்ட கேட்டா விட்டுக் குடுக்க மாட்டாங்களா?

— அவங்க குடுப்பாங்க. இவன் வாங்கிக்க மாட்டான். ‘சீட்டுல வந்தா எடுத்துக்கறேன் மேன், பாவம் பாத்து எனக்கு ஒண்ணும் தர வேணாம்’கறான்.

— அப்ப சீட்டுல வர வச்சா இன்னா?

— சரளா! டப்பாவுல கை வைக்கறது களவாணித்தனம்.

— ரெண்டு வருஷம் அவரு வராந்தாவுலதானே படுத்தீங்க? கல்லு மாதிரி பேசறீங்களே.

— எனக்கு மட்டும் வயிறு எரியலியா? ஆனா ரூலு...

— சரி, ரூலையே கேக்கறேன். அவங்கவங்க பேரை அவங்கவங்கதானே எழுதணும்?

— ஆமா.

— அப்ப இது இன்னா?

— அதை எங்கருந்து எடுத்த?

— சாமி படத்தைத் தொடைச்சேன், பின்னாலருந்து விழுந்துச்சு. மௌரீன் அக்கா எடுத்த சீட்டுதானே?

— உள்ள வச்சிரு.

— பச்சைமுத்துன்னுதான் இருக்கு. ஆனா இங்கிலீஷ்ல இருக்கு. நான் மிஷன் ஸ்கூல்ல அஞ்சாவது படிச்சவ. உங்களுக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துகூட வராதே!

— இங்கிலீஷ்லயா இருக்கு?

— ஒண்ணரை வருஷமாப் பிரிச்சே பாக்கலியா?

— பாக்கல. பயமா இருந்துச்சு.

— சீட்டைப் பாக்க இன்னா பயம்? நாலு பேர்ல இங்கிலீஷ்ல எழுதறது யாரு?

— ஓஸ்வால்ட். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுதப் படிக்க வராது.

— அப்ப அவரு தன் பேரை எழுதாம உங்க பேரை எழுதியிருக்காரு. தள்ளுங்க.

— சரளா, வேணாம்! சொல்றேன்ல...

— போச்சு மெழுகு. திட்டறதை அப்பறமாத் திட்டுங்க. இந்தாங்க, இது கன்னடம். படிங்க.

— கிருஷ்ணப்பா எழுத்து. ப... ச்சை... முத்து.

— இதுவும் உங்க பேரு! இது தமிழு. முத்து முத்தா ஆபீஸ் எழுத்து. ‘பச்சைமுத்து. காரணம்: மனைவி ஊரில்.’

— வைத்தீஸ்வரன். சீட்டுலகூடக் காரணம் எழுதியிருக்கான் பாரு.

— என்னையா? எழுதினப்ப இவங்க யாரும் என் மூஞ்சியைக்கூடப் பாத்திருக்கலியே. கல்யாணமாகி மூணு மாசத்துல, பெங்களூர்ல இடமில்லேன்னு எங்கம்மா வீட்ல விட்டுட்டு வந்தீங்க. தெருவுல ‘உன் புருஷன் எப்ப வருவாரு’ன்னு கேக்காதவங்க இல்ல. எனக்காகவாங்க இவ்ளோ கல்லு தூக்கினாங்க?

— அழாத. கழுவிட்டு வா மூஞ்சியை. அவங்க வர்ற நேரம்.

— இன்னும் ஒண்ணு இருக்கே. இது உங்களோடது.

— அதை விட்டுரு.

— இதுல உங்க பேருதானே இருக்கும்? ஏன் புடுங்கறீங்க?

— சரளா, சொன்னாக் கேளு, அதை மட்டும்...

— ‘ஓஸ்வால்ட்’.

— குடு இப்படி.

— இது உங்க எழுத்து. எனக்கு வந்த கடுதாசியெல்லாம் இதே எழுத்துலதான் வந்துச்சு.

— மௌரீன் என் பேரைப் படிச்சப்பவே எனக்குத் தெரியும், வேற யாரோ எழுதியிருக்காங்கன்னு. யாருன்னு தெரிஞ்சா அவன் மூஞ்சியைப் பாக்க முடியாதுன்னுதான் பிரிக்கல.

— நான் அதைக் கேக்கல. ஊர்ல இருக்கற அத்தனை பேரும் உங்க பொண்டாட்டி வரணும்னு எழுதியிருக்காங்க. நீங்க எழுதல.

— புள்ளைங்க படுத்த வராந்தாவை எனக்குக் குடுத்து, அதுங்களைக் கட்டிலுக்கு அடியில படுக்க வச்சான் சரளா. பேனாவை எடுத்தப்ப அதுங்கதான் கண்ணுல நின்னுச்சு.

— நான் நிக்கலியா?

— நின்ன. உன்கிட்டதான் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கன்னு சொல்ல முடியும்னு நெனச்சேன். தப்புதான். எப்படி உன்கிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் டப்பாவைத் தொட விடல.

— என்னைக் கேட்டுட்டு எழுதியிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கேக்கலியே, அதான் எரியுது.

— பச்சை! ஏ பச்சை! கதவைத் தொற மேன். மௌரீன் கேக் கொண்டாந்திருக்கா. எல்லாரும் வந்துட்டோம்.

— வந்தேன் ஓஸ்வால்ட் அண்ணே! முக்காலி போட்டு ஏறணும், கொஞ்சம் நில்லுங்க. என்னங்க, அந்த ஒரு சீட்டை மட்டும் சுருட்டி டப்பாவுல போடுங்க.

— ஒண்ணை மட்டுமா? மத்ததை?

— அதுல இருக்கற பேருக்குத்தான் வீடு கட்டியாச்சே. ரூலுன்னா ரூலு. ஹும், எட்டிருச்சு. வாங்கண்ணே, உள்ள வாங்க.

— என்ன மேன் இது, மெழுகு ஒடைஞ்சிருக்கு?

— நாந்தான்ணே ஒடைச்சேன். இந்த வாட்டி நீங்களே எடுங்க.

— ஒண்ணுதானேம்மா இருக்கு? தமிழ்ல வேற எழுதியிருக்கு. யாரு பேரு? படி.

— உங்க பேருதாண்ணே.

— என் பேரா? அது எப்படி மேன்? நான் என் பேரை எழுதவே இல்லியே!