குளிர் வந்த பகலில் கிளம்பியிருந்தால்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் நரசிம்மன் அவர்களே, ஒரகடத்துப் பெரியோர்களே, பாசமிகு தாய்மார்களே, முதல் ஷிப்ட் முடித்துச் சீருடை மாற்றாமல் வந்து நிற்கும் தம்பிகளே, தங்கைகளே, அனைவரையும் வணங்குகிறேன்.

தங்கமாரியின் நினைவாக நடக்கும் இந்த ரத்ததான முகாமை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த வந்த வாய் வருந்திப் பேசப் போகிறது. பொறுத்தருளுங்கள்.

யார் இந்தத் தங்கமாரி? சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இங்கே காருக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் லைனில் நின்றவள். நம் தலைவர் நரசிம்மன் அண்ணன் வீட்டு மாடியறையில் தோழி உலகம்மாளோடு குடியிருந்தவள். அந்தப் பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

வந்த நோய் வென்றதா? இல்லை ஐயா, அவள்தான் வென்றாள். முடி உதிர்ந்தது, முகத்தில் முறுவல் உதிரவில்லை. சென்னை மருத்துவமனையில் அவள் கை நரம்புக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் நுனி இதயத்துக்கு அருகே நிற்கும்படி வைத்தார்கள். மருந்தெல்லாம் அதன் வழியேதான் இறங்கியது. கடைசிச் சோதனையில் மருத்துவர், "இப்ப நோய் தெரியல. இன்னும் கொஞ்சம் மருந்துதான் பாக்கி" என்றார். உலகம்மாள் லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். அதை வாங்கித் தின்றவர்கள் இங்கே எத்தனை பேர்?

கைகள் உயர்கின்றன. இறக்கிவிடுங்கள் அம்மா, என்னால் பார்க்க முடியவில்லை.

மருந்து போகும் வழியில் கிருமியும் போகும். குழாய் மேல் போட்ட கட்டு நனையக் கூடாது, குளிரோ காய்ச்சலோ கண்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவளும் கண்ணுங்கருத்துமாகத்தான் இருந்தாள். ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது அடைமழை. சாரலில் கைக்கட்டு நனைந்துவிட்டது. உடனே போய் மாற்றலாம் என்றாள் உலகம்மாள்.

"வாரக் கடைசில எப்படியும் போவோம்லா. ஒனக்கு ஷிப்ட் போயிரும்ளா" என்றாள் தங்கமாரி.

தோழியின் வேலைக்காகக் கட்டு மாற்றுவதைத் தள்ளிப்போட்டாள். அன்புதான், ஐயா. அந்த அன்புதான் அவளைத் தடுத்தது.

அடுத்து வந்த ஒரு பகலில் உடம்பு தூக்கிப் போட்டது. போர்வைக்குள் பற்கள் தந்தியடித்தன. தலைவர் மாடியேறி வந்தார். "இன்னாமா, மழைல நனைஞ்சா ஜுரம் வர்றதுதானே. ஒரு மாத்திர போட்டுகினு படு" என்று தன் கையாலேயே வாங்கிவந்து கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது. ரசஞ்சோறு சாப்பிட்டாள். எல்லோரும் நிம்மதியானார்கள்.

மறுநாள் காலையில் எழுப்பினால் கண் முழுதாகத் திறக்கவில்லை. தலைவரே வண்டியை எடுத்தார். வழியில் உலகம்மாளின் மடியில் கிடந்தபடி, "காய்ச்சல் விட்டுருச்சின்னுல்லா நெனச்சேன்" என்றாள். மருத்துவமனையில் குழாயை எடுத்தார்கள், மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். அவள் மீளவில்லை. "புற்றுநோயால இல்லங்க. குழாய் வழியா கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. குளிர் வந்தப்பவே வந்திருந்தா..." என்றார் மருத்துவர்.

மாத்திரை கொடுத்தது தப்பா என்று அங்கே ஒரு தாய் கேட்கிறார். தாயே, மாத்திரை காய்ச்சலை மறைத்தது, கிருமியைக் கொல்லவில்லை. புற்றுநோய் மருந்து எடுப்பவர் உடம்பில் கிருமியை எதிர்க்கும் தெம்பு குறைவு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. இதைத் தன் பெயரைச் சொல்லியே சொல்லச் சொன்னவர், இதோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நம் தலைவர்தான். அவர் மனசாரக் கொடுத்தார். மனசாரச் செய்ததும் சில நேரம் பிழையாகிவிடுகிறது.

சில மாதம் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் அருள்பாண்டி என்ற தம்பிக்குக் குளிர் நடுக்கம். அவனுக்கும் அதே நோய், நெஞ்சில் அதே போன்ற குழாய். "ரூமுக்குப் போயி படுத்தா சரியாயிரும்க்கா" என்றான். உலகம்மாள் கேட்கவில்லை. டிரைவரிடம் சொல்லி பஸ்ஸை மருத்துவமனைக்கே விடச் செய்தாள். அவன் பிழைத்தான். அதோ, ரத்தம் கொடுப்பவர்களுக்குப் பழரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

உலகம்மாளைப் பாராட்டினேன். அவள் சொன்னாள்: "அவன் பொழச்சது சந்தோசந்தான் சார். இம்புட்டு லேசான காரியத்த அவளுக்குச் செய்யலையே."

குழாயையா குறை சொல்வது? அது உயிர் காக்க வைத்த குழாய். மழையையா பழிப்பது? சூப்பர்வைசர்களே, வீட்டுக்காரர்களே, அறைத் தோழர்களே, அவசரத்துக்கு லீவு கேட்கும் குரலுக்குள் ஓர் உயிர் ஒடுங்கியிருக்கலாம். போக விடுங்கள். அழைத்துப் போங்கள். அன்றே போங்கள். அப்போதே போங்கள்.

செவி கொடுத்தோர்க்கும் குருதி கொடுத்தோர்க்கும் நன்றி. கடைசியாக, அந்த ஓரத்தில் அமர்ந்திருக்கும் தங்கமாரியின் தாயார் சொர்ணம்மாள் அவர்களே, உங்கள் மகளை எங்களை நம்பி அனுப்பினீர்கள். நாங்கள் காப்பாற்றித் தரவில்லை. எல்லோருக்கும் வணக்கம் சொல்லக் கூப்பிய இந்தக் கைகள், அம்மா, உங்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கின்றன.