என் கணவர் நாயோடு பேசும் மொழி

பேச்சு நீண்டால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் பேரன்பும், அப்போதும் நிறுத்தாவிட்டால் தொண்டையைச் செருமும் பெருந்தன்மையும் கொண்ட தலைவர் இத்வால் பாரி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! ஒரு வாரமாக விடியும் முன்னே அடுப்பேற்றி, தேநீரும் பாரா பிரித் ரொட்டியும் தந்து எங்களைத் தாங்கிய தாய்மார்களே! வெல்ஷ் மொழியை ஆசையோடு கற்க வந்து, அதன் ஒலிகளோடு மல்லுக்கட்டி, இன்னும் புன்னகை மாறாமல் அமர்ந்திருக்கும் மாணவ மணிகளே! மழைக்கு ஒதுங்கியதாகப் பாவனை செய்துகொண்டு கூடாரத்தின் ஓரத்தில் காது கொடுத்துக் கேட்கும் காளையரே! உங்கள் அனைவருக்கும் லான்வேரன் சுற்றுலாக் குழுவின் செயலாளர் தெலெரியின் வணக்கம்!

நன்றியுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். சொல்வேன். கோட்டைக்கு அழைத்துப் போன பேருந்து ஓட்டுநருக்குச் சொல்வேன். வளைகுடாவைச் சுற்றிக் காட்டிய படகுக்காரருக்குச் சொல்வேன். மலைநடைக்குத் தலைமை தாங்கிய நெஸ்டாவுக்கும் சொல்வேன். நெஸ்டாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் என் பல் கொஞ்சம் நறநறக்கும். பொருட்படுத்தாதீர்கள்.

ஏன் என்கிறீர்களா? பொறாமை! பச்சைப் பொறாமை! பற்றி எரியும் பொறாமை! பண்பட்ட சபையில் பேசக்கூடாத பொறாமை! என்ன, பின்வரிசையில் சிரிப்பு? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். உங்களில் பலருக்கும் அது இருக்கிறது. எனக்கு ஒலிபெருக்கி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

என் கணவர் டெரிக்கை உங்களுக்குத் தெரியும். மின்கம்பி இழுக்க இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வந்தவர், என்னைப் பார்த்தார், தங்கிவிட்டார். சந்தித்த அன்று ஆங்கிலத்தில் பேசினோம். மணமேடையில் ஆங்கிலம், மனத்தாங்கலில் ஆங்கிலம், மருத்துவமனையில் ஆங்கிலம். முதல் நாள் எந்த மொழியில் வாய் திறந்தோமோ அந்த மொழியிலேயே குடித்தனம் இறுகிவிட்டது. நம் ஊரில் எத்தனை வீடுகளில் இதே கதை! கை தூக்கச் சொல்லவா? வேண்டாம், தூக்கினால் கூடாரமே சாய்ந்துவிடும்.

ஓய்வு பெற்றபின் டெரிக் வெல்ஷ் வகுப்புக்குப் போனார். நான் மகிழ்ந்தேன். குளிர்காலம் போயிற்று, வீட்டில் ஒரு சொல் இல்லை. அடுத்த குளிர்காலமும் போயிற்று, அப்போதும் இல்லை. சரி, மனிதருக்கு வரவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நானும் கேட்காமல் இருந்தேன்.

அப்போதுதான் இந்த வாரத்துக்கான சுற்றுலாக்களைத் திட்டமிட, தேவாலயத்தின் பின்னறையில் குழு கூடியது. கோட்டை முடிந்தது, படகு முடிந்தது, மலைநடைக்கு வந்தோம். அந்த வகுப்பில் சொல்லித் தரும் நெஸ்டா என் பக்கம் திரும்பினார்.

"தெலெரி, உன் வீட்டுக்காரர் என்னமாப் பேசுறாரு! வகுப்பு முடிஞ்சு தேநீர் குடிக்கையில எங்களையெல்லாம் சிரிக்க வெச்சே கொன்னுடுறாரு."

"எந்த மொழியில?" என்றேன்.

"கேக்குறதப் பாரு! நம்ம மொழியிலதான். ஏன், உன்கிட்ட பேசுறதில்லையா?"

சபையோரே, அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கறிக்கடை எம்ரிஸிடம் விசாரித்தேன். "உங்க வீட்டுக்காரரா? தங்கமான மனுஷன்! ஆட்டுத்தொடை கேக்க வந்தா அரை மணி நேரம் கதை பேசுவாரு, நம்ம மொழியிலயே," என்றார். கொல்லைக் கதவைத் திறந்தேன். அங்கே டெரிக் எங்கள் நாய் மோட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் தாய்மொழியில், என் தாயின் மொழியில், "நல்ல புள்ளை, என் செல்லம், நாளைக்கு மழை வருமாம்டா," என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறார்! என்னைக் கண்டதும் எழுந்தார். ஆங்கிலத்தில் கேட்டார், "டீ போடட்டுமா?"

நாய்க்கு வெல்ஷ்! எனக்கு ஆங்கிலம்! கறிக்கடைக்கு வெல்ஷ்! கட்டிய மனைவிக்கு ஆங்கிலம்! அடுக்குமா? தாய்மார்களே, சொல்லுங்கள், அடுக்குமா? அடுக்காது! அவர் செய்த பிழைகளை எல்லாம் எம்ரிஸ் கேட்டு ரசித்திருக்கிறார். அவர் தடுக்கி விழுந்த சொற்களை எல்லாம் நெஸ்டா கைகொடுத்துத் தூக்கியிருக்கிறார். முதல் சொல்லும் எனக்கு இல்லை, முதல் தவறும் எனக்கு இல்லை. பிழைக்குக்கூடப் பொறாமைப்பட்ட பெண்ணை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ நிற்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மலைநடையின் வழக்கம் நீங்கள் அறிந்ததே. மறுபடி தார்ச்சாலையில் கால் வைக்கும்வரை ஆங்கிலம் கூடாது. ஒவ்வொரு வேலிக்கதவைத் தாண்டும்போதும் துணை மாற வேண்டும். பின்னால் வருபவர் முன்னேறி அடுத்தவரோடு சேர வேண்டும். உச்சிக்குப் போக இரண்டு வழி; நான் கணக்குப் போட்டேன். ஏரிக்கரை வழியில் வேலியே குறைவு. உச்சிவரை டெரிக்கும் நெஸ்டாவும் கூடிக் குலாவிக்கொண்டு போவார்கள். மேல்பண்ணை வழியிலோ அடிக்கொரு வேலி. மாறி மாறி, கடைசிக் கதவில் டெரிக் என் கையில் வந்து விழுவார்!

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். "மேல்பண்ணை வழியா போகலாம்," என்றேன்.

"அந்தப் பக்கம் முழங்கால் சேறு, தெலெரி," என்றார் நம் தலைவர்.

"சேறு தோலுக்கு நல்லதுங்க."

"ஏரிக்கரையில போனா பார்க்க அழகா இருக்குமே?" என்றார் நெஸ்டா.

"அழகு பாக்கவா வர்றாங்க? பேசத்தானே வர்றாங்க! கதவு கூடினா துணை கூடும். துணை கூடினா பேச்சு கூடும். மொழி வளர வேணாமா?"

குழுவே கைதட்டியது. மொழிக்காக மெய்யுருகும் மாதரசி என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். தலைவரே, இப்போது செரும வேண்டாம். நீங்கள் புகழ்ந்தது உண்மை. புதன்கிழமை சேற்றில் ஒரு காலணியைப் பறிகொடுத்த பெரியவர் எங்கே? அதோ, கை தூக்குகிறார். ஐயா, உங்கள் காலணி மொழிக்காகப் போகவில்லை. என் பொறாமைக்காகப் போனது! அதற்கும் சேர்த்து என் நன்றி.

நடந்தோம். மொயல் வென் மலையின் தோளில் மேகம் படுத்திருந்தது. முன்னே நெஸ்டா, பக்கத்தில் என் டெரிக். அவர் ஏதோ சொல்கிறார், நெஸ்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். என்ன சொன்னார்? காற்று எதிர்க்காற்று, கேட்கவில்லை. ஒரு கதவு திறந்தது, மூடியது. ஒரு துணை போனது, ஒரு துணை வந்தது. என்னோடு நடந்த மாணவர்கள் வானிலையைப் பற்றி அழகாகப் பேசினார்கள். மன்னிக்க வேண்டும், நான் ஒன்றையும் கேட்கவில்லை. என் கண்ணெல்லாம் முன்னே போகும் டெரிக்கின் நீல மழைச்சட்டையின் மேல்.

கடைசிக் கதவு வந்தது. என் கணவர் எனக்காகக் காத்து நின்றார். சுற்றிலும் மூடுபனி; மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள், ஆடுகளைத் தவிர ஆளில்லை. வாய் திறந்தார். என் உயிரே காதில் வந்து நின்றது.

"முட்டி வலிக்குதா?" என்றார். எந்த மொழியில்? ஆங்கிலத்தில்!

"வெல்ஷ்ல கேளு," என்றேன்.

"நமக்குள்ள அது வழக்கமில்லையே," என்றார், மறுபடியும் ஆங்கிலத்தில்.

"மோட்கிட்ட வழக்கமா? எம்ரிஸ்கிட்ட வழக்கமா? நெஸ்டா வயிறு குலுங்கச் சிரிச்சாளே, அது வழக்கமா? எல்லாருக்கும் குடுக்குற, எனக்கு மட்டும் இல்லைங்கிற. நான் உனக்கு யாரு?"

அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு பேசினார். மலைநடையின் விதியை மீறி ஆங்கிலத்தில்தான் பேசினார். சபை அதைப் பொறுத்தருள வேண்டும். உண்மையைச் சொல்ல அவரிடம் அந்த மொழிதான் இருந்தது.

"இங்கிலீஷ்ல நான் உன்னோட சண்டை போடுவேன், ஜெயிப்பேன், உன்னைச் சமாதானமும் பண்ணுவேன். வெல்ஷ்ல எனக்கு மூணு வயசு, தெலெரி. எம்ரிஸ் முன்னாடி உளறினா கறியை வாங்கிட்டு வந்துடலாம். உன் முன்னாடி உளறினா, அப்புறம் நீ என்னை எப்படிப் பார்ப்ப?"

"அப்ப எதுக்குப் படிச்ச? அவளுக்காகவா?"

"நீ உன் தங்கச்சிகிட்ட போன்ல பேசுவியே, நான் சமையக்கட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். குரலே வேறயா இருக்கும். என்கிட்ட ஒரு நாளும் சிரிக்காத ஒரு சிரிப்பு சிரிப்ப. யாருடா இந்தப் பொண்ணுன்னு தோணும். உன் தங்கச்சி மேல எனக்கு அவ்வளவு பொறாமை. கல்யாணம் கட்டி இத்தனை வருஷமாச்சு, அந்தப் பொண்ணை நான் இன்னும் சந்திக்கவே இல்ல. அவளைச் சந்திக்கத்தான் படிச்சேன். இப்ப எதிர்ல நிக்கிறா. பயமா இருக்கு."

பெரியோர்களே! பொறாமை என் சொத்து என்று எண்ணியிருந்தேன். எனக்கு முன்னால், என்னைவிட ஆழமாக, என்னைவிட அமைதியாக, ஒருவர் என் சமையலறை வாசலிலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்!

டெரிக் தொப்பியைக் கழற்றினார். முகமெல்லாம் சிவந்தது. வகுப்பின் முதல் நாளில் சொல்லித் தருவார்களே, அந்தப் பாடத்தை, எனக்கு முன்னால், என் மொழியில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "வணக்கம். என் பெயர் டெரிக். உங்கள் பெயர் என்ன?"

சொன்னேன். என் கணவரிடம் என் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் காலை உணவில் அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் என் தேநீர் ஆறிப்போயிற்று. ஆறியதையே குடித்தேன். பொறாமை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். தீரவில்லை! நேற்றுக்கூட எம்ரிஸிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறார்!

ஆனால் உங்களைக் கேட்கிறேன், லான்வேரன் மக்களே! மேடையில் முழங்குகிறோம், கூடாரத்தில் பாடுகிறோம், கோட்டையில் பேசுகிறோம், குன்றிலும் பேசுகிறோம். ஒரே தலையணையில் தலைசாய்க்கும் உயிருக்கு மட்டும் அந்த மொழியில் உறங்கு என்று சொல்ல ஏன் நாணுகிறோம்? வந்தவருக்கு மரியாதை என்று ஆங்கிலத்துக்குத் தாவுகிறோமே, வந்தவர் எதைத் தேடி வந்தார் என்று கேட்டோமா? வாசலில் நின்று கேட்பவரை உள்ளே வா என்றோமா? பொறாமைப்படுங்கள்! உங்கள் மொழிக்காகப் பொறாமைப்படுங்கள்! உங்கள் மனைவியின் சிரிப்பை அடுத்தவர் மட்டும் கேட்கிறார் என்றால் பொறாமைப்படுங்கள்! உங்கள் கணவரின் உளறலை ஊரே கேட்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் உரிமையோடு கேட்டு வாங்குங்கள்! இன்றிரவே வாங்குங்கள்!

தலைவர் கடிகாரத்தைத் தட்டிவிட்டார். ஓட்டுநருக்கு நன்றி. படகுக்காரருக்கு நன்றி. அடுப்படித் தாய்மார்களுக்கு ஆயிரம் நன்றி. நெஸ்டாவுக்கும் நன்றி, பல் நறநறத்தது உண்மை, நன்றியும் உண்மை. சேற்றிலும் சிரித்த மாணவச் செல்வங்களே, நலமாக ஊர் சேருங்கள், மொழியோடு போங்கள்.

இனி ஒரே ஒருவருக்கு ஒரு சொல். டெரிக், இவ்வளவு நேரம் நான் வெல்ஷ்ல பேசினதுல பாதி உனக்குப் புரிஞ்சிருக்காது. புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டாதே. வீட்டுக்கு வா. முதல்லேர்ந்து மறுபடியும் சொல்றேன், மெதுவா, உனக்கு மட்டும்.

சபையோரே, எனக்கு வீட்டில் பேச்சு இருக்கிறது. விடை கொடுங்கள். வணக்கம்!