வாசலில் ஒரு வெளிநாட்டமைச்சர்

"ஹலோ... ஹலோ, தம்பி! வைச்சிடாதை! அக்கா கதைக்கிறன்... ஓம், இது வேற நம்பர்தான். என்ரை நம்பரைக் கண்டால்தான் நீ எடுக்கமாட்டியே!"

குடிபெயர்ந்து வந்த ஊரான ஒனிஹங்காவில், தம்பி யேசுராசாவின் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் மரியநாயகி இப்படிக் கதைத்தாள். அது அவனுக்குத் தெரியாது. வருகிற சனிக்கிழமை மகள் ஜெனுஷாவுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளையைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவன் தாய்மாமன். தாய்மாமனோ, அழைப்பிதழை நேரில் கொண்டுவராமல் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆற்றை போனோ? சொன்னால் சிரிப்பாய்... சிரிக்கமாட்டியோ? சரி, சிரிக்காதை, கேள். மவுண்ட் ரோஸ்கிலில கல்யாணத்துக்கு ஒரு ஹோல் எடுத்தனாங்கள் எல்லே... ஓமோம், தீவுக்காரற்றை சேர்ச் ஹோல். காலமை அதைப் பாக்கப் போனன். பிளவுஸ் தைச்சு வாங்கின கையோட போனதால கூறைச் சீலையும் கையில. அங்கை ஒரு பெரிய மனுசன் கோட்டுப் போட்டுக்கொண்டு சனம் இருக்கக் கதிரை அடுக்குறார். இவர் எங்கட ஃபொரின் மினிஸ்டர் எண்டு அங்கை நிண்டவை சொல்லிச்சினம். மினிஸ்டர் எண்டு சேர்ச்சில போதகரையும் சொல்லுறவை எல்லே, நான் வெளிநாட்டிலயிருந்து வந்த போதகராக்கும் எண்டு... ஓமடா! கூறையை நீட்டி, செபிச்சுத் தாங்கோ எண்டிட்டன்!"

பக்கத்து இருக்கையில் அந்தப் பெரிய மனுசர் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். தன் பதவியின் பெயர் காதில் விழுந்ததும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"...செபிச்சவரோ? சும்மா செபமே! மாப்பிள்ளை, பொம்பிளை, பிறக்கப்போற பிள்ளை, வீட்டு மோட்கேஜ்... ஒண்டையும் விடேல்லை. பிறகு, உங்கட கோயில் பங்கில எத்தினை சனம் எண்டு கேட்டன். பதினொராயிரமாம். அம்மாடி, எவ்வளவு பெரிய பங்கு எண்டு வாயைப் பிளந்தன். அது பங்கில்லை மிசிஸ், என்ரை நாடு எண்டார்!... ஆ! சிரிச்சிட்டாய்!... சரி, சிரிக்கேல்லை, இருமினனீ."

மரியநாயகிக்கு உயிர் வந்தது. இருமலோ சிரிப்போ, தம்பி இன்னும் போனை வைக்கவில்லை.

"...நிசமான அமைச்சரடா. நெடுந்தீவைப்போல ஒரு தீவாம். வெளிநாடும் அவர்தான், மீன்பிடியும் அவர்தான், தபாலும் அவர்தான்... உனக்கென்னவோ? பொறு, வாறன். அவரிட்டை உன்ரை கதையைச் சொன்னன்... ஊர் முழுக்க எங்கை சொன்னனான்? ஒரேயொரு நாட்டுக்குத்தான் சொன்னன்... சரி, சரி, கத்தாதை. அவர் சொல்லுறார், பெரிய நாடு கோவிச்சால் பேப்பரில வருமாம். தாங்கள் கோவிச்சால் ஒருத்தருக்கும் தெரியாதாம். அதால தாங்கள்தான் முதல்ல போய்க் கதவைத் தட்டவேணுமாம். அதுதானாம் அவற்றை உத்தியோகம்... என்ன? உன்னையோ சின்ன நாடெண்டுறன்? இல்லையடா விசரா. நான்தான் சின்ன நாடு."

அவள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"...தம்பி, கேள். கல்யாணம் சொல்லப் போறதெண்டால் சோடியாய்த்தானே போறது. அத்தான் இருந்திருந்தால் முதல் வீடு உன்ரை வீடுதான். தாலியில்லாதவள் தனிய வந்து ஒரு நல்ல காரியம் சொல்ல... எனக்குத் துணிவு வரேல்லையடா. அதுதான் போனில போட்டனான். நீ கோவிச்சது சரி. பிழை என்ரைதான்."

அமைச்சர் ரோல்ஸை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பாஷை தெரியாவிட்டாலும், பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"...கேக்குதோ?... இதையும் அவரிட்டைச் சொன்னன். தனியப் போகாதேங்கோ, நான் வாறன் எண்டார். ஆளனுப்புற வசதி தன்ரை நாட்டுக்கு இல்லையாம், எங்கையும் தானே போறவராம்... எங்கையோ நிக்கிறம்? ஜன்னலால பார்... சிவப்புக் கார்... ஓம், பக்கத்தில இருக்கிறவர்தான் அமைச்சர்... ஐயோ, சாரத்தோடையோ நிக்கிறாய்? அதுக்கென்ன, அவரும் கோட்டுக்குக் கீழ சாரம் மாதிரி ஒண்டுதான் கட்டியிருக்கிறார்!... என்ன?... இறங்க வேண்டாமோ? ஏன்டா? கார்ட் கையில கிடக்கு, தந்திட்டுப் போறன்... தம்பி, அப்பிடிச் சொல்லாதை... ஹலோ?... ஹலோ?"

இணைப்பு அறுந்தது. மரியநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. அமைச்சரின் போனை அவரிடமே திருப்பி நீட்டினாள். அவர் அதை வாங்காமல் வீட்டைக் காட்டினார்.

கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு, சாரத்தோடும் வெறுங்காலோடும் யேசுராசா ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.